இரண்டே சொச்சம் யூனிட்தானா?

நான் மியூச்சுவல் ஃபண்டு ஏஜெண்ட். போட்ட பணத்துக்கு ஃபண்டில் வரும் யூனிட், அதாவது நம் பங்கின் அலகு, குறைவாக இருக்கிறதே என்று கேட்டு வருபவர்களில் இந்த வருடத்தில் இது மூன்றாவது ஆள். முதல் இரண்டு பேருக்கும் பொறுமையாகச் சொல்லிப் புரியவைத்தேன். போன வாரம் வலங்கைமானிலிருந்து கும்பகோணம் வந்து என்னைப் பார்த்த அக்காவிடம் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அந்த உறுத்தலில்தான் இதை எழுதுகிறேன்.

தையல் கடை வைத்திருப்பவர். நான்கு வருடமாக ஃபண்டில் மாதம் 2,000 ரூபாய் எஸ்.ஐ.பி., அதாவது மாதத் தவணை, ஒன்றுகூடத் தவறியதில்லை. கையில் இரண்டு ஸ்டேட்மென்ட். தன்னுடையதில் ஒரு தவணைக்கு வந்த யூனிட்டான 2.347 என்ற எண்ணைச் சிவப்பு மையில் சுழித்திருந்தார். மற்றது பக்கத்து வீட்டுப் பையனுடையது, அதில் 199.990. "ரெண்டு பேரும் அதே ரெண்டாயிரம்தான் சார் கட்டுனோம். அவனுக்கு இருநூறு, எனக்கு ரெண்டே சொச்சமா?" கேட்டதோடு நின்றிருந்தால் சரி. வருவதற்கு முன்பே எல்லாவற்றையும் விற்று, "பத்து ரூபாய்க்கே கிடைக்குது" என்று அந்தப் பையன் வாங்கிய புது ஃபண்டில் போட்டுவிட்டார். கடைசி ஓராண்டில் கட்டிய தவணைகளுக்கு 1 சதவீதம் எக்ஸிட் லோடு, அதாவது சீக்கிரம் எடுப்பதற்கான கட்டணம், வேறு பிடித்திருக்கிறார்கள்.

டெல்டாக்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியிருப்பதுதான் வேடிக்கை. ஒரு வேலி நிலத்தை 20 மா என்று சொன்னாலும் 2,000 குழி என்று சொன்னாலும் வயல் அதேதானே? குழிக் கணக்கில் எண் பெரிதாக இருக்கிறதே என்று எவராவது கூடுதலாக ஒரு கலம் நெல் அறுத்திருக்கிறார்களா?

யூனிட்டும் அப்படித்தான். அக்காவின் ஃபண்டில் அன்றைக்கு என்.ஏ.வி., அதாவது ஒரு யூனிட்டின் விலை, 852.10 ரூபாய். 2,000 ரூபாயில் முத்திரைத் தீர்வை 10 பைசா போக, மீதிக்கு 2.347 யூனிட். புது ஃபண்டு 10 ரூபாயில் தொடங்குகிறது, அதனால் 199.990. இரண்டும் 12 சதவீதம் ஏறினால் இரண்டு பேர் கையிலும் சுமார் 2,240 ரூபாய்தான் இருக்கும். 852 ரூபாய் ஃபண்டும் ஒரு காலத்தில் 10 ரூபாயில் தொடங்கியதுதான். அது வைத்திருக்கும் பங்குகள் வளர்ந்ததால் அந்த எண் வந்தது. 10 ரூபாய் என்பது தள்ளுபடி விலை இல்லை. இன்னும் எதையும் செய்து காட்டாத ஃபண்டு என்பதற்கான அடையாளம், அவ்வளவுதான். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. எங்கள் தொழிலில் இருப்பவர்களே "பத்து ரூபாய்தான், பிடிச்சுப் போடுங்க" என்று விற்கிறார்கள் என்பது அதைவிட வலிக்கிறது.

2.347இல் புள்ளிக்குப் பின்னால் வரும் மூன்று இலக்கம்தான் சின்னத் தொகை போடுபவர்களுக்குக் கிடைத்த வசதி. முழு யூனிட் வாங்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. பல ஃபண்டுகளில் 500 ரூபாய், சிலவற்றில் 100 ரூபாய் கூடப் போதும்.

இனி இரண்டாவது விஷயம். அக்கா விட்டது எக்ஸிட் லோடு மட்டும்தான். திருவாரூர் பக்கத்துத் தம்பி ஒருவர் மொத்தத்தையும் விட்டார். 2023 ஜூனில் எம்.ஆர்.எஃப். பங்கு ஒன்று ஒரு லட்சத்தைத் தாண்டியது அல்லவா? அந்த விலையைக் காட்டி, "முழுப் பங்கு வேண்டாம், 1,500 ரூபாய்க்குத் துண்டு வாங்கலாம்" என்று வாட்ஸாப்பில் ஒரு செயலி வந்திருக்கிறது. சம்பா நெல் போட்ட பணம் கணக்கில் ஏறிய வாரம். 18,000 போட்டார். செயலியில் 31,000 என்று காட்டியது. எடுக்கப் போனால், முதலில் "வரி" கட்டு என்றார்கள்.

"டீமேட் நம்பர் என்ன தம்பி?" என்றேன். வாங்கிய பங்கு வந்து சேரும் கணக்கின் எண் அது.

"அது எதுக்கு சார்?"

நம் நாட்டுக் கம்பெனிச் சட்டப்படி பங்கைத் துண்டாக வைத்துக்கொள்ள முடியாது. குறைந்தது ஒன்று. அனுமதிக்கலாம் என்று 2022இல் கம்பெனிச் சட்டக் குழு பரிந்துரைத்தது. பரிந்துரை சட்டம் ஆகாது. கம்பெனி இலவசமாகத் தரும் போனஸ் பங்கிலோ, கம்பெனிகள் இணையும்போதோ அரைப் பங்கு, கால் பங்கு வந்தால்கூட, கம்பெனி அவற்றைச் சேர்த்து விற்று உங்கள் கணக்கில் பணமாகத்தான் போடும். ஆக, இந்தியப் பங்கில் துண்டு தருகிறேன் என்று எவனாவது சொன்னால் அங்கேயே பேச்சை நிறுத்துங்கள்.

"என் பையன் சிங்கப்பூர்ல வாங்குறானே" என்பார்கள். நம் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில், இந்தக் கேள்வி வராமல் இருக்காது. அவர் வாங்குவது பெரும்பாலும் அமெரிக்கப் பங்கு. அங்கே துண்டு உண்டு. இங்கிருந்தும் ரிசர்வ் வங்கித் திட்டத்தின்படி முறையாகப் பணம் அனுப்பி அதை வாங்கலாம். ஆனால் 2,000 ரூபாய்க்கு அனுப்பும் கட்டணமும் டாலர் மாற்றும் செலவுமே கணிசமாகத் தின்றுவிடும். டிவிடெண்ட் (லாபப் பங்கு) வந்தால் அங்கேயே 25 சதவீதம் வரி பிடித்துவிடுவார்கள். எவ்வளவு சின்னத் தொகையானாலும் வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்து என்று காட்ட வேண்டும். உங்களுக்கு இது தேவையா?

பணம் போடும்போது அது ஃபண்டின் பெயரில் போகிறதா என்று பாருங்கள். தனியாள் ஜி-பேக்குப் போகக் கூடாது, என்னுடையதற்கும்தான். ஏஜெண்டின் பதிவு எண்ணான ஏ.ஆர்.என்.-ஐக் கேளுங்கள், கோபித்துக்கொள்பவரிடம் வாங்காதீர்கள். நான் கமிஷன் வாங்கும் ஆள்தான். அது வேண்டாம் என்றால் ஏஜெண்ட் இல்லாமல் வாங்கும் நேரடித் திட்டம் 2013 முதல் இருக்கிறது, தாராளமாகப் போங்கள். நாமினி பெயரைப் போட்டுவிடுங்கள், தயவுசெய்து. அது இல்லாமல் விதவைகள் அலைவதைப் பார்க்க முடியவில்லை. பணம் போய்விட்டது என்று தெரிந்த உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930ஐ அழையுங்கள். தம்பி பதினொரு நாள் வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அக்கா பழைய எஸ்.ஐ.பி.யை மறுபடி தொடங்கிவிட்டார். அடுத்த தவணைக்குள் சந்தை ஏறினால் 2.347க்கும் குறைவாகத்தான் யூனிட் வரும். அதற்கும் எனக்கு ஃபோன் வரும், தெரியும்.