மாடவீதியில் நின்று தவிலைத் தேடுவது

கபாலீசுவரர் கோயிலுக்குள் தவில் வாசிக்கிறார்கள். நீங்கள் வெளியே மாடவீதியில் நிற்கிறீர்கள். அடி காதில் விழுகிறது. தாளம் தப்பினால்கூடத் தெரிந்துவிடும். தவில் இருப்பது கொடிமரத்துப் பக்கமா, கற்பகாம்பாள் சன்னிதி வாசலிலா என்று கேட்டால்தான் திணறுவீர்கள்.

இ.சி.ஜி.யும் இப்படித்தான். அப்பாவுக்கு நடுநடுவே ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வந்தது. மருத்துவர் தாளை விரித்துப் பார்த்து, "கீழறையிலேர்ந்து வருது. சரியா எந்த இடம்னு உள்ள ஒயர் விட்டுத்தான் பார்க்கணும்" என்றார். தொடை ரத்தக்குழாய் வழியாகக் கதீட்டர் என்ற மெல்லிய குழாயைச் செலுத்தி, இதயத்தின் உட்சுவரைப் புள்ளி புள்ளியாகத் தொட்டுப் பார்க்கும் சோதனை அது. மேசையில் படுத்த பிறகு அந்தப் பொல்லாத துடிப்பு வெகுநேரம் வரவே இல்லை. கண்ணாடிக்கு வெளியே நான் அதற்காகக் காத்திருந்தேன்.

இதயத் தசைச் செல் ஒன்று தூண்டப்படும்போது அதன் மின்னழுத்தம் சுமார் 100 மில்லிவோல்ட் மாறுகிறது. தோலில் நமக்குக் கிடைப்பது ஏறக்குறைய 1 மில்லிவோல்ட். நுரையீரல், எலும்பு, கொழுப்பு எல்லாம் தாண்டி வருவதற்குள் இதயத்தில் தனித்தனியாக ஓடிய இரண்டு அலைகள் மார்பில் ஒரே மேடாகக் கலந்துவிடுகின்றன. வழக்கமான இ.சி.ஜி. 10 மின்முனைகளை வைத்து 12 கோணங்களில் அந்தக் கலவையைப் பதிகிறது.

மாடவீதி முழுக்க 250 பேரை நிறுத்தினால்? கோயிலின் வரைபடமும் கையில் இருந்தால்? இதய மின்னியல் ஆய்வாளர் யோராம் ரூடியின் குழு 2004-இல் மனிதர்களிடம் செய்துகாட்டிய முறை இதுதான். மார்பையும் முதுகையும் சுற்றிச் சுமார் 250 மின்முனைகள் கொண்ட அங்கியை மாட்டுகிறார்கள். இதயத்தின் வடிவத்தையும், ஒவ்வொரு மின்முனையும் அதிலிருந்து எங்கே இருக்கிறது என்பதையும் சி.டி. ஸ்கேன் சொல்லிவிடும். மிச்சம் கணக்கு.

அந்தக் கணக்குதான் எனக்குப் பெரிய அதிசயம். இதயத்தில் நடப்பது தெரிந்தால் தோலில் என்ன வரும் என்று கண்டுபிடிப்பது எளிது. திருப்பிப் போட்டால் பொல்லாதது. மழுங்கியதைக் கூர்மையாக்கப் போனால் தவிலோடு ஆட்டோ ஹாரனும் பெருகும். தோலில் ஒரு சிறு பிசகு, இதயத்தில் இல்லாத புயலாகத் தெரியும். ஆகவே ரஷ்யக் கணிதர் டிகோனவ் தந்த வழியில் ஒரு கடிவாளம் போடுகிறார்கள்: பதிவோடு ஒத்துப்போகும் விடைகளில் தாறுமாறாகத் துள்ளுபவற்றைத் தள்ளிவிடு. கடிவாளம் இறுகினால் உண்மையான கூர்மையும் போய்விடும். எவ்வளவு இறுக்குவது என்பதில்தான் முழுத் திறமையும்.

கிடைப்பது இதயத்தின் வெளிப்பரப்பில் மின் அலை எங்கே பிறந்து எப்படிப் பரவியது என்ற வண்ணப்படம். ஒரே ஒரு துடிப்பு போதும், படம் வந்துவிடும். மேசையில் கிடந்து காத்திருக்க வேண்டாம். கீழறைகளுக்கு நடுவே உள்ள தடுப்புச் சுவர் மட்டும் இதில் நேரடியாகத் தெரியாது.

2015-இல் அமெரிக்காவில் 5 நோயாளிகளுக்கு இந்தப் படத்தின் துணையோடு அதிவேகத் துடிப்பு பிறக்கும் இடத்தைக் குறித்து, உடலுக்குள் எதையும் செலுத்தாமல் வெளியிலிருந்தே கதிர்வீச்சு கொடுத்தார்கள். மூன்று வாரத்தில் ஒருவர் பக்கவாதத்தால் இறந்தார். சிகிச்சைக்கு முந்தைய மூன்று மாதங்களில் ஐவருக்கும் சேர்த்து 6,577 முறை வந்திருந்த அதிவேகத் துடிப்பு, முதல் ஆறு வாரம் கழிந்த பின்னான கண்காணிப்பில் மொத்தம் 4 முறைதான் வந்தது.