கத்தரிக்காய்க்குத் தக்காளி என்ன முறை?

கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் ரசம் வருவதற்குள் "பொண்ணு வீட்டுக்கு நீங்க என்ன முறை?" என்று கேட்டுவிடுவோம். அதே கேள்வியை இலையில் இருக்கும் காய்களிடம் கேட்டால் பதில்கள் விசித்திரமாக இருக்கும். கத்தரிக்காய், உருளைக்கிழங்கு, தக்காளி, சுண்டைக்காய், மணத்தக்காளி, தூதுவளை எல்லாம் நெருங்கிய பங்காளிகள். மிளகாய் அதே வம்சம்தான், ஆனால் ஒரு படி தள்ளி. பேச்சில் உருளையோடு சேர்ந்தே வரும் சர்க்கரைவள்ளிக் கிழங்கோ இன்னும் தூரத்து உறவு.

இந்தத் தூரத்தைக் குறிக்கத்தான் உயிரியலில் படிநிலைகள் வைத்திருக்கிறார்கள். உலகம், பிரிவு, வகுப்பு, துறை, குடும்பம், பேரினம், சிற்றினம் என்று பள்ளியில் மனப்பாடம் செய்த ஏழுதான். பெரிய டப்பாவுக்குள் சின்ன டப்பா போல ஒன்றுக்குள் ஒன்று அடங்கியவை அவை. கத்தரிக்காயின் அறிவியல் பெயர் சொலானம் மெலாஞ்சினா. உருளை சொலானம் டியூபரோசம். முதல் சொல் பேரினம், இரண்டும் சேர்ந்தால் சிற்றினம். மிளகாயின் பேரினம் கேப்சிகம். பேரினம் வேறானாலும் குடும்பம் ஒன்றுதான்: சொலனேசியே. தாவரப் பெயர் 'ஏசியே' என்று முடிந்தால் அது குடும்பம், 'ஏலீஸ்' என்று முடிந்தால் துறை. சர்க்கரைவள்ளி குடும்பத்திலும் சேராது. சொலனேலீஸ் துறை வரை ஏறிப் போனால்தான் உருளையோடு கைகோக்கும்.

எதை வைத்து மிளகாயைத் தள்ளி வைத்தார்கள்? தொட்டியில் கத்தரிச் செடி இருந்தால் பூவைப் பறித்துக் கண்ணருகே வைத்துப் பாருங்கள். ஊதா இதழ்களின் நடுவே மஞ்சள் மகரந்தப்பைகள் குவிந்து நிற்கும். ஒவ்வொன்றின் நுனியிலும் ஊசி குத்தினாற்போல் துளை. கருவண்டு வந்து பூவைக் கவ்விக்கொண்டு உடம்பை அதிரவைத்தால், பவுடர் டப்பாவைக் குலுக்கியதுபோல் மகரந்தம் அந்தத் துளை வழியே கொட்டும். மிளகாய்ப் பூவில் இந்தத் துளை கிடையாது. பை நீளவாக்கில் பிளந்து திறக்கும். காயின் ருசியையோ நிறத்தையோ விட இப்படிப்பட்ட நுணுக்கங்களைத்தான் தாவரவியலாளர்கள் நம்பினார்கள்.

ஆனால் எந்த நுணுக்கத்தை நம்புவது என்பதில்தான் வம்பே. ஸ்வீடனைச் சேர்ந்த கார்ல் லின்னேயஸ் மகரந்தத் தாள்களை எண்ணி வகுப்பு பிரித்தார். ஐந்து தாள் இருந்தால் ஒரே வகுப்பு. அந்தக் கணக்கில் கத்தரியும் காப்பியும் ஒரே இடத்தில் போய் விழுந்தன! எண்ணுவதற்கு எளிது, உறவுக்கு உதவாது. அந்த வகுப்புகள் இன்று வழக்கில் இல்லை. ஆனால் அவர் பரப்பிய இரட்டைப் பெயர் முறையை அசைக்க ஆளில்லை.

அதே லின்னேயஸ் 1753இல் தக்காளியை சொலானத்தில்தான் சேர்த்தார். லண்டன் செல்சி மருந்துத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட பிலிப் மில்லர் அதை ஏற்கவில்லை. தக்காளியைத் தனியாகப் பிரித்து 1768இல் லைகோபெர்சிகான் எஸ்குலென்டம் என்று பெயர் வைத்தார். தக்காளிப் பூவின் மகரந்தப்பை மிளகாயைப் போல நீளவாக்கில்தான் பிளக்கும் என்பதால், பிரித்தது சரி என்றே பின்னால் வந்தவர்களும் வாதாடினார்கள். இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் அந்தப் பெயர்தான் புழங்கியது.

1993இல் டேவிட் ஸ்பூனரும் சக ஆய்வாளர்களும் இலைக்குப் பச்சை நிறம் தரும் பசுங்கணிகங்களின் டிஎன்ஏவை ஒப்பிட்டபோது கதை மாறியது. தக்காளியும் உருளையும் கூடப்பிறந்தவர்கள் மாதிரி. கத்தரிதான் பெரியப்பா மகன். கூடப்பிறந்த ஒருவரையும் பெரியப்பா மகனையும் ஒரே ரேஷன் கார்டில் எழுதிவிட்டு, மற்ற உடன்பிறப்புக்கு மட்டும் தனிக் கார்டு கொடுத்தால் எப்படி? ஒரு மூதாதையின் வாரிசுகள் எல்லோரும் ஒரே பெயரின் கீழ் வர வேண்டும் என்பதே இன்றைய வகைப்பாட்டின் முதல் விதி. இரண்டே வழிகள் இருந்தன. தக்காளியை உள்ளே அழைப்பது. இல்லையென்றால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிற்றினங்கள் கொண்ட சொலானத்தைப் பல துண்டாக்கி எண்ணற்ற செடிகளுக்குப் பெயர் மாற்றுவது. முதல் வழியே சுலபம். தக்காளி மறுபடியும் சொலானம் லைகோபெர்சிகம் ஆனது.

உறவு உண்மையானது, அதில் எந்த இடத்தில் கோடு போட்டு 'பேரினம்' என்பது என்பது மனிதர்கள் கூடி எடுக்கும் முடிவு. அதனால்தான் படிகளின் உயரம் எங்கும் ஒன்றுபோல் இருப்பதில்லை. முருங்கையின் குடும்பத்தில் இருப்பது ஒரே ஒரு பேரினம், அதில் 13 சிற்றினங்கள். சொலானத்திலோ ஒரு பேரினத்துக்குள்ளேயே ஆயிரத்தைத் தாண்டுகிறது. இரண்டு குடும்பங்களை ஒப்பிட்டு 'இதில் பல்வகைமை அதிகம்' என்று யாராவது சொன்னால் நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் கேட்பேன்.

முருங்கை என்றதும் ஒன்று. அது கடுகு, முட்டைக்கோஸ், பப்பாளியோடு பிராசிகேலீஸ் என்ற ஒரே துறையில் இருக்கிறது. நம்பிக்கை வராவிட்டால் பப்பாளி விதை ஒன்றைக் கடித்துப் பாருங்கள். கடுகின் காரம் சுள்ளென்று ஏறும். அந்தக் காரத்துக்குக் காரணமான கந்தகச் சேர்மங்கள் இந்தத் துறையின் பொதுச் சொத்து.

மில்லரின் பெயர் முழுதாக ஒழிந்துவிடவும் இல்லை. லைகோபெர்சிகான் என்றால் 'ஓநாய் பீச்' என்று பொருள். தக்காளிக்குச் சிவப்பு தரும் நிறமிக்கு அதிலிருந்துதான் லைகோபீன் என்று பெயர் வந்தது. பேரினம் போய்விட்டது, ஓநாய் மட்டும் சாஸ் பாட்டிலில் இன்னும் உட்கார்ந்திருக்கிறது.