டிகிரி முடிச்சாச்சு, இனி டாக்டருக்குப் படிக்கலாமான்னு கேக்குறவங்களுக்கு

இந்த வருஷம் இது அஞ்சாவது கேஸ். கேஸ்னா காய்ச்சல், வயித்தாலன்னு நெனைக்காதீங்க. பி.காம், பி.ஏ, பி.பி.ஏ முடிச்ச புள்ளைங்க, கூட ஒரு அம்மா இல்லாட்டி மாமா, கையில ஒரு பைல், "இவ காலேஜ் முடிச்சிட்டா, இனி டாக்டருக்குப் படிக்க வைக்கலாம்ல டாக்டரம்மா"ன்னு ஒரு கேள்வி. நாலு தடவ பொறுமையா பதில் சொன்னேன். அஞ்சாவது தடவ கோவம் வந்திருச்சு, அதான் ராத்திரி டூட்டிய முடிச்சிட்டு உக்காந்து எழுதுறேன்.

நான் வேலை பாக்குறது ராமநாதபுரம் மாவட்டத்துல, மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவுல ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துல. அந்த அஞ்சாவது கேஸ் வந்தப்ப மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கரையிலதான், வீட்டுல காசுப் புழக்கமே இருக்காது. கருவாட்டு யாவாரம் பாக்குற அக்கா ஒருத்தவுக சுகர் மாத்திரைக்கு வந்தாக, மகளும் கூட வந்திருந்துச்சு. எப்பவும் போட்டிருக்குற தோடு அவுக காதுல இல்ல, ஓட்டையில ஈர்க்குச்சி சொருகியிருந்துச்சு. நான் ரிப்போர்ட்ட பாத்துக்கிட்டு இருக்கும்போதே பிளாஸ்டிக் கவர்ல இருந்து ஒரு ரசீத எடுத்து மேஜையில வச்சாக. 40,000 ரூபா. மேல 'ப்ரீ-மெடிக்கல் ரிஜிஸ்ட்ரேஷன்'னு பேனாவுல எழுதியிருக்கு, கீழ பொடி எழுத்துல 'கட்டிய பணம் திரும்பத் தரப்படாது'. சீல் கிடையாது, கையெழுத்துங்குற எடத்துல ஒரு கிறுக்கல். தோட்ட அடகு வச்சுத்தான் கட்டினாகளாம்.

மகள் பி.காம். பன்னெண்டாப்புல காமர்ஸ் குரூப். "டிகிரி ஹோல்டர்னா நேரா வெளிநாட்டுல ப்ரீ-மெட் (டாக்டர் படிப்புக்கு முந்தின படிப்பாம்) சேரலாம், நீட்டே வேணாம்"னு சொல்லி யாரோ பணத்த வாங்கியிருக்கானுங்க.

இப்ப எனக்கு ரொம்ப எரிச்சல் தர்ற விஷயத்துக்கு வர்றேன். நம்ம நாட்டுல எம்.பி.பி.எஸ் சேர டிகிரி ஒரு தகுதியே கிடையாது. மறுபடி படிங்க. நீங்க பி.காம்ல கோல்டு மெடல் வாங்கினாலும் சரி, எம்.காம் முடிச்சு நெட் (காலேஜ் வாத்தியார் வேலைக்கான பரீட்சை, நீட் இல்ல) கிளியர் பண்ணியிருந்தாலும் சரி, அட்மிஷன்ல அந்த மார்க்க யாரும் திரும்பிக்கூட பாக்க மாட்டாங்க. அவங்க பாக்குறது ரெண்டே ரெண்டு: பன்னெண்டாப்புல பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி (இல்ல பயோடெக்னாலஜி), இங்கிலீஷ் படிச்சிருக்கீங்களா, நீட்ல எவ்வளவு வாங்கியிருக்கீங்க. டிகிரி இருந்தா கூடுதல் மார்க் கிடையாது, ரெண்டாவது வருஷத்துல கொண்டுபோய் உக்கார வைக்க மாட்டாங்க, ஒண்ணும் கிடையாது. அதே மாதிரி டிகிரி இருக்கேன்னு உங்கள தள்ளியும் வைக்க மாட்டாங்க.

இந்தக் குழப்பம் எங்க இருந்து வருதுன்னா அமெரிக்க வீடியோக்கள்ல இருந்து. அங்க முதல்ல நாலு வருஷ டிகிரி, அப்புறம்தான் மெடிக்கல் ஸ்கூல் நாலு வருஷம். டிகிரி இலக்கியமா இருக்கலாம், வரலாறா இருக்கலாம், அது உண்மை. ஆனா வீடியோவுல பாதிப் பேரு சொல்லாத பாதிய நான் சொல்றேன்: இலக்கியம் படிச்சவனும் பயாலஜி, கெமிஸ்ட்ரி, ஆர்கானிக், பிசிக்ஸ் எல்லாத்தையும் லேபோட படிச்சுக்கிட்டுத்தான் வரணும், அப்படி விட்டுப்போனவங்களுக்குன்னே 'போஸ்ட்-பேக்'னு டிகிரிக்குப் பின்னால ஒரு படிப்பு வச்சிருக்காங்க, அதுக்கும் மேல எம்கேட் பரீட்சை. சயின்ஸ் தெரியாம அங்கயும் யாரையும் உள்ள விடல. சரி, அது அவங்க ஊரு முறை, அத வச்சு இங்க கணக்குப் போடாதீங்க.

போன வருஷம் ஹவுஸ் சர்ஜனா என்கிட்ட போஸ்டிங் வந்த ஒரு தம்பி பி.ஏ வரலாறு முடிச்சவன். அவன பாத்துட்டு "பாருங்க, பி.ஏ படிச்சு டாக்டராயிட்டான்"னு எங்க ஸ்டாப் நர்ஸே சொன்னாங்க. அவன் ஸ்கூல்ல பயோ-மேக்ஸ் குரூப்ப்பா! வீட்டுல பணமில்லாம பி.ஏ சேந்தான், பின்னால நீட் எழுதினான். அவனுக்கு வழி விட்டது பன்னெண்டாப்பு. பி.ஏவால அவனுக்குக் கிடைச்சது என்னன்னா ஓ.பி-ல வர்ற பெருசுங்ககிட்ட சேதுபதி ராஜாக்கள் கதை கேக்குற பழக்கம்தான் (அதுவும் நல்லதுதான், பிபி பாக்குறப்போ கைய ஆட்டாம இருப்பாங்க).

அப்ப காமர்ஸ் குரூப் படிச்ச புள்ளைக்கு வழியே இல்லையா? இருக்கு. முன்னாடி பதினொண்ணு, பன்னெண்டு ரெண்டு வருஷமும் ரெகுலரா ஸ்கூல்ல சயின்ஸ் படிச்சிருக்கணும்னு விதி. 2023 நவம்பர்ல தேசிய மருத்துவ ஆணையம் அத தளர்த்திருச்சு. பன்னெண்டு பாஸ் பண்ணின பிறகு இந்தப் பாடங்கள கூடுதல் பாடமா அங்கீகாரம் உள்ள போர்டுல படிச்சு பாஸ் பண்ணினாலும் நீட் எழுதலாம். தேசிய திறந்தநிலைப் பள்ளி, அதான் என்.ஐ.ஓ.எஸ், அதுல சேந்து எழுதலாம். வயசு உச்சவரம்பும் 2022-ல எடுத்துட்டாங்க, எத்தன தடவ எழுதலாம்னும் கணக்கு கிடையாது.

இங்கதான் அடுத்த கோட்டை விடுறது. "பாஸ் ஆனா போதும்ல மேடம்?" போதாது தங்கம். பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி மூணையும் சேத்து பொதுப்பிரிவுக்கு 50 சதவீதம், பி.சி, எம்.பி.சி, எஸ்.சி, எஸ்.டிக்கு 40 சதவீதம் வேணும். ப்ராக்டிகல ஏனோதானோன்னு விடாதீங்க, ஸ்டடி சென்டர் தூரமா இருக்குன்னு போகாம இருந்துட்டு அப்புறம் அழாதீங்க.

நீட் பத்தி நெறய பேரு எழுதிட்டாங்க, சுருக்கமா சொல்றேன். 180 கேள்வி, 720 மார்க், சரியா இருந்தா 4, தப்பா இருந்தா 1 போயிரும். அதுல பயாலஜி மட்டும் 90 கேள்வி, 360 மார்க். ஆர்ட்ஸ், காமர்ஸ் புள்ளைங்களுக்கு பயாலஜி படிக்கப் படிக்க வந்துரும், நான் பயப்படுறது பிசிக்ஸுக்குத்தான். வெக்டார், ட்ரிகனாமெட்ரி, லாக் தெரியாம பதினொண்ணாப்பு பிசிக்ஸ்ல கை வச்சா ஒரு மாசத்துல புக்க மூடிருவீங்க. அதனால முதல் ரெண்டு மாசம் கோச்சிங், டெஸ்ட் பேட்ச் எதுக்கும் பணம் கட்டாதீங்க. பக்கத்து வீட்டுல பதினொண்ணாப்பு படிக்கிற புள்ளகிட்ட கணக்கு கத்துக்கோங்க, வெக்கமெல்லாம் படாதீங்க. நம்ம சமச்சீர் பதினொண்ணு, பன்னெண்டு புக் தமிழ்லயே இருக்கு, நீட்டும் தமிழ்ல எழுதலாம், தமிழ் எடுத்தா கேள்வித்தாள்ல இங்கிலீஷும் சேந்தே இருக்கும். சந்தேகம் வந்தா இங்கிலீஷ்ல இருக்குறதுதான் செல்லும், அதனால ரெண்டு மொழியிலயும் பேர தெரிஞ்சு வச்சுக்கோங்க, 'சிறுநீரகம்'னும் தெரியணும் 'கிட்னி'ன்னும் தெரியணும்.

இன்னொண்ணு. ராம்நாட்ல 2022-ல அரசு மெடிக்கல் காலேஜ் வந்ததுல இருந்து "நம்ம மாவட்டத்துப் புள்ளைக்குத்தான சீட்டு"ன்னு ஒரு பேச்சு ஓடுது. அப்படி மாவட்ட கோட்டா கிடையாது. 15 சதவீதம் அகில இந்தியாவுக்கு, மீதி மாநிலம் முழுசுக்கும். அந்த 15-ல பி.சி, எம்.பி.சி புள்ளைங்க ஓ.பி.சி சலுகை கேக்கணும்னா மத்திய அரசு பார்மட்ல தனி சர்டிபிகேட் வேணும், ஸ்கூல்ல குடுத்த சாதிச் சான்றிதழ் அங்க செல்லாது. கவுன்சிலிங்குக்கு மூணு நாள் இருக்கும்போது தாலுகா ஆபீஸ் வாசல்ல போய் நிக்காதீங்கப்பா.

வெளிநாடு. 2018-ல இருந்து வெளிநாட்டுல எம்.பி.பி.எஸ் படிக்கவும் நீட்ல தகுதி வாங்கியிருக்கணும். இல்லாம போயிட்டு வந்தா இங்க எப்.எம்.ஜி.இ, அதான் வெளிநாட்டுல படிச்சவங்க இங்க டாக்டரா வேலை பாக்க எழுதுற பரீட்சை, அதையே எழுத முடியாது, ஊசி போடக்கூட உரிமை கிடைக்காது. 2021 விதிப்படி படிப்பு குறைஞ்சது 54 மாசம், இங்கிலீஷ் மீடியம், அங்கயே ஒரு வருஷம் இன்டர்ன்ஷிப். பிலிப்பைன்ஸ் பக்கம் 'பி.எஸ்'னு ஒரு டிகிரிய காட்டி இதுதான் டாக்டர் படிப்போட முதல் கட்டம்னு சேப்பானுங்க, அத மருத்துவ ஆணையம் மெடிக்கல் படிப்பா கணக்குலயே எடுக்கல. "நீட் வேணாம்"னு எவன் சொன்னாலும் அந்த எடத்துலயே எந்திரிச்சு வந்துருங்க. டீ குடுத்தா கூட குடிக்காதீங்க.

அம்மா அப்பாங்களுக்கு ஒரு வார்த்தை, இது கெஞ்சல்தான். 21 வயசுல டிகிரி முடிச்ச புள்ள பாடங்கள எழுதி, நீட்ட ஒண்ணு ரெண்டு தடவ எழுதி உள்ள போகவே 23, 24 ஆகும். அதுக்கப்புறம் நாலரை வருஷம், ஒரு வருஷம் ஹவுஸ் சர்ஜன். முப்பதக் கிட்ட நெருங்கும். அந்த வருஷங்கள்ல "இன்னுமா படிக்கிற, மாப்ள பாக்கலையா"ன்னு தெருவே கேக்கும். நீட் வர்றதும் மே மாசம், சரியா தடைக்காலத்துல, கையில காசில்லாத நேரம். தாங்க முடியுமான்னு புள்ளையும் நீங்களும் உக்காந்து ஒரு ராத்திரி பேசுங்க. வேணாம்னு முடிவு பண்ணினா அதுல ஒரு கேவலமும் இல்ல. வேணும்னு முடிவு பண்ணிட்டா நடுவுல குத்திக்காட்டாதீங்க.

அந்த அக்காவோட 40,000 இன்னும் வரல. ரசீத போட்டோ எடுத்து போலீஸ் ஸ்டேஷன்ல புகார் எழுதிக் குடுக்கச் சொல்லி அனுப்பினேன், குடுத்துட்டாக. மகள் போன வாரம் தனியா வந்துச்சு, பதினொண்ணாப்பு பிசிக்ஸ் புக்கோட, ரெண்டாவது பாடத்துல வெக்டார் புரியலன்னு. எனக்கும் பாதி மறந்துபோச்சு, ரெண்டு பேருமா பிரிஸ்க்ரிப்ஷன் சீட்டுக்குப் பின்னால அம்புக்குறி போட்டுப் பாத்தோம், ஒருவழியா வந்துச்சு.

வேற யாரும் கேக்கணும்னா பன்னெண்டாப்பு மார்க் ஷீட்ட எடுத்துக்கிட்டு ஓ.பி முடிஞ்சப்புறம் வாங்க. செவ்வாய்க்கிழமை வேணாம், அன்னைக்கு கர்ப்பிணிங்க செக்கப், எனக்கு நிமிர நேரமிருக்காது.