இலங்கைத் தமிழர் முகாம்களும் 2025 விலக்கு ஆணையும்: கிடைத்தது எது, கிடைக்காதது எது?

மண்டபம் முகாமிலோ கும்மிடிப்பூண்டி முகாமிலோ முப்பது, நாற்பது ஆண்டுகளாக இருக்கும் ஒருவரை ஊரார் அகதி என்பார்கள். தமிழ்நாடு அரசின் கோப்புகளில் 2021 முதல் அவர் மறுவாழ்வு முகாமில் வாழும் இலங்கைத் தமிழர். குடியுரிமைச் சட்டத்தைத் திறந்தால் அவருக்கு வேறொரு பெயர் இருக்கிறது: சட்டவிரோதக் குடியேறி. அவருடைய வாழ்க்கையை உண்மையில் நடத்துவது இந்த மூன்றாவது பெயர்தான். முகாமிலேயே பிறந்து, இங்கேயே பள்ளிக்கூடம் போய், இலங்கையைக் கண்ணால் பார்த்திராத அவருடைய மகளுக்கும் அதே பெயர்தான்.

பாஸ்போர்ட், விசா இல்லாமல் வந்த இலங்கைத் தமிழருக்குத் தண்டனையிலிருந்து விலக்குத் தந்து 2025 செப்டம்பரில் வந்த மத்திய அரசின் ஆணையால் இந்த நிலை மாறிவிட்டதா என்று பலர் கேட்கிறார்கள். கொஞ்சம் மாறியிருக்கிறது. எவ்வளவு என்பதைச் சரியாகத் தெரிந்துகொள்வது நல்லது. தவறாகப் புரிந்துகொண்டு ஏஜென்டிடம் பணத்தைக் கொடுத்து ஏமாறுகிறவர்கள் இருக்கிறார்கள்.

முதலில் பின்னணி. அகதிகளுக்கான 1951ஆம் ஆண்டு ஐ.நா. ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதி யார், அவருக்கு என்ன உரிமை என்று சொல்லும் தனிச் சட்டமும் இங்கே கிடையாது. ஆகவே உயிருக்குப் பயந்து படகில் வந்தவரும், பிழைப்புக்காகக் கள்ளத்தனமாக எல்லை தாண்டியவரும், விசா முடிந்த பிறகும் தங்கிவிட்ட சுற்றுலாப் பயணியும் சட்டத்தின் பார்வையில் ஒரே வகை: வெளிநாட்டவர். இவர்களில் யாரை ஏற்பது, யாரைத் திருப்பி அனுப்புவது என்பது அரசு அவ்வப்போது எடுக்கும் முடிவு. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவர்களை ஏற்பதென்று அப்படித்தான் முடிவானது. 1983 முதல் 2012 வரை வந்தவர்கள் 3,04,269 பேர் என்று மத்திய உள்துறை அமைச்சகம் கணக்குச் சொல்கிறது. பலர் திரும்பிப் போனார்கள், சிலர் வேறு நாடுகளுக்குப் போனார்கள். 2021இல் தமிழ்நாடு அரசு சொன்ன கணக்குப்படி முகாம்களில் 58,822 பேர். முகாமுக்கு வெளியே, காவல் நிலையத்தில் பதிந்து கொண்டு வாழ்பவர்கள் 34,087 பேர். இவர்களைத்தான் 'வெளிப்பதிவு' என்று சொல்வார்கள்.

இப்போது 2025க்கு வருவோம். வெளிநாட்டினர் தொடர்பான நான்கு பழைய சட்டங்களை நீக்கிவிட்டு, குடிவரவு மற்றும் வெளிநாட்டினர் சட்டம், 2025 என்ற ஒரே சட்டம் செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கடுமையான சட்டம் இது. செல்லத்தக்க பாஸ்போர்ட்டோ விசாவோ இல்லாமல் நுழைந்தால் 5 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். அனுமதித்த காலத்துக்கு மேல் தங்கினால் 3 ஆண்டு வரை சிறை, 3 லட்சம் வரை அபராதம். தான் வெளிநாட்டவர் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பும் சம்பந்தப்பட்டவர் தலையில்தான். இந்தத் தண்டனைகள் முகாம்வாசிகள் மீதும் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அதே நேரத்தில் விலக்கு ஆணை ஒன்றும் வந்தது. 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சம் புகுந்து, பதிவும் செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள், பாஸ்போர்ட், விசா இல்லாமல் நுழைந்ததற்காகவும் தங்கியதற்காகவும் இந்தச் சட்டத்தின்படி தண்டிக்கப்பட மாட்டார்கள் என்பதே அதன் சாரம். 2015 ஜனவரி 9 என்பது மைத்திரிபால சிறிசேன இலங்கை ஜனாதிபதியாகப் பதவியேற்ற நாள்.

இதில் இரண்டு நிபந்தனைகளைக் கவனிக்க வேண்டும். அந்தத் தேதிக்குள் வந்திருக்க வேண்டும். அரசிடம் பதிந்திருக்கவும் வேண்டும். வந்தவுடன் உறவினர் வீட்டுக்குப் போய்விட்டு எங்கேயும் பதியாமல் இருந்துவிட்டவருக்கு, அவர் 1990இல் வந்திருந்தாலும், இந்த ஆணை அப்படியே பொருந்தாது. போலி ஆவணத்துக்கும் இதில் மன்னிப்பு இல்லை. போலி பாஸ்போர்ட்டைத் தெரிந்தே பயன்படுத்தினால் 2 முதல் 7 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் முதல் 10 லட்சம் வரை அபராதம். "இப்பத்தான் விலக்கு வந்துட்டதே, இந்தியன் பாஸ்போர்ட் எடுத்துத் தாறன்" என்று எந்த ஏஜென்ட் வந்து சொன்னாலும் நம்ப வேண்டாம்.

சரி, வழக்கு இல்லை என்றாகிவிட்டது. குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாமா? இங்கேதான் கதவு மூடியிருக்கிறது. குடியுரிமைச் சட்டம், 1955இல் 2003ஆம் ஆண்டு ஒரு திருத்தம் வந்து, 2004 டிசம்பர் 3 முதல் அமலானது. செல்லத்தக்க ஆவணம் இல்லாமல் வந்தவர், ஆவணத்தோடு வந்து காலம் கடந்து தங்கியவர் என இரு வகையினரையும் அது சட்டவிரோதக் குடியேறி என்கிறது. அப்படிப்பட்டவர், இந்தியரை மணந்தவர் போன்றோருக்கு அந்தச் சட்டம் வைத்திருக்கும் 'பதிவு' என்ற வழியிலும் (இது முகாம் பதிவு அல்ல) குடியுரிமை பெற முடியாது, நீண்டகாலம் வாழ்ந்ததைக் காட்டியும் பெற முடியாது. சாதாரணமாக ஒரு வெளிநாட்டவர் ஏறத்தாழ 12 ஆண்டு இங்கே வாழ்ந்தால் விண்ணப்பிக்கலாம். முகாமில் 35 ஆண்டு இருந்தவருக்கு அந்த வழி இல்லை. இந்தியக் குடிமகனை மணந்து 7 ஆண்டு இங்கே வாழ்ந்த பெண்ணுக்கும், அவர் படகில் வந்தவர் என்றால், வழி இல்லை.

அப்படியானால் பாகிஸ்தானிலிருந்து வந்த இந்துக்களுக்கு எப்படிக் கிடைக்கிறது? இரண்டு படிகளில் கிடைத்தது. பாகிஸ்தான், வங்கதேசத்திலிருந்து 2014 டிசம்பர் 31க்குள் வந்த சிறுபான்மையினருக்கு 2015 செப்டம்பரில் பாஸ்போர்ட் சட்டத்திலிருந்தும் வெளிநாட்டினர் சட்டத்திலிருந்தும் விலக்குக் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு ஆப்கானிஸ்தானையும் சேர்த்தார்கள். அது முதல் படி. 2019இல் குடியுரிமைச் சட்டத்தையே திருத்தி, இந்த விலக்குப் பெற்ற இந்துக்கள், சீக்கியர்கள், பௌத்தர்கள், சமணர்கள், பார்சிகள், கிறித்தவர்கள் ஆகியோரைச் சட்டவிரோதக் குடியேறிகளாகக் கருதக் கூடாது என்று எழுதினார்கள். அது இரண்டாம் படி. 2024 மார்ச்சில் விதிகள் வந்ததும் விண்ணப்பங்கள் வாங்கத் தொடங்கினார்கள்.

இலங்கைத் தமிழருக்கு 2025இல் கிடைத்திருப்பது அந்த முதல் படி மட்டுமே. குடியுரிமைச் சட்டத்தின் வரையறையில் இலங்கை இல்லை. ஆகவே விலக்கு ஆணையை எடுத்துக்கொண்டு போய் குடியுரிமை கேட்க முடியாது. இலங்கையைச் சேர்க்க நாடாளுமன்றம் பெரிய சட்டம் எதுவும் புதிதாக இயற்ற வேண்டாம், இருக்கும் வரையறையில் ஒரு வரியைக் கூட்டினால் போதும் என்பது என் கருத்து. அண்டை மூன்று நாடுகளில் மதத்தின் பேரால் துன்புறுத்தப்பட்டவர்களுக்கான திருத்தம் அது, மற்றவர்களுக்கானது அல்ல என்பது மத்திய அரசின் வாதம். வீடு எரிந்து, கடலில் உயிரைப் பணயம் வைத்து வந்தவர்களிடம் உங்களைத் துரத்தியது மதமா மொழியா என்று கேட்டு வரிசை பிரிப்பதை என்னால் நியாயமாகப் பார்க்க முடியவில்லை.

எல்லோரும் குடியுரிமை இல்லாதவர்களா என்றால், அதுவும் இல்லை. இதை முகாம்களில் வீடு வீடாகச் சொல்ல வேண்டும். இந்தியாவில் பிறந்தவருடைய குடியுரிமை, பிறந்த தேதியைப் பொறுத்தது. 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். அதாவது 1983க்கும் 1987 ஜூன் இறுதிக்கும் இடையில் முகாமில் பிறந்த பிள்ளைகள் அன்றே இந்தியர்கள். அவர்கள் யாரிடமும் குடியுரிமை கேட்டு நிற்க வேண்டியதே இல்லை. இருந்தும், 1986இல் மண்டபத்தில் பிறந்த ஒரு பெண் பாஸ்போர்ட் பெறுவதற்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போக வேண்டியிருந்தது. அவருக்குப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி 2022இல் தீர்ப்பு வந்தது.

1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 3க்கு முன் வரை பிறந்தவர்களுக்கு, பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்தால் போதும். இதிலும் கவனிக்க ஒன்று உண்டு: தாயோ தந்தையோ 1987க்கு முன் இங்கே பிறந்தவர் என்றால் அவரே இந்தியர், ஆகவே பிள்ளையும் இந்தியர்.

2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவர்களின் கதை வேறு. பெற்றோர் இருவரும் இந்தியராக இருக்க வேண்டும், அல்லது ஒருவர் இந்தியர், மற்றவர் சட்டவிரோதக் குடியேறி அல்லாதவர் என்று இருக்க வேண்டும். முகாம்கள் உள்ள ஊர்களில் உள்ளூர்ப் பையனும் முகாம் பெண்ணும் கல்யாணம் செய்துகொள்வது புதிதல்ல. அப்பா ராமநாதபுரத்துக்காரர், வாக்காளர் அட்டை வைத்திருப்பவர். அம்மா கைக்குழந்தையாகப் படகில் வந்தவர். அவர்களுக்கு 2010இல் பிறந்த பிள்ளை, சட்டத்தை எழுத்துப்படி வாசித்தால், இந்தியக் குடிமகன் அல்ல. எந்தக் குற்றமும் செய்யாத குழந்தை. இந்தச் சட்டம் முழுவதிலும் என்னை அதிகமாக வருத்துவது இந்த வரிதான்.

இன்னொரு கூட்டமும் உண்டு. மலையகத் தமிழர். வெள்ளைக்காரன் காலத்தில் தேயிலைத் தோட்டத்துக்கு இங்கிருந்து கொண்டுபோகப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள். 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் செய்த ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக ஒத்துக்கொண்டது. கலவரக் காலத்தில் அவர்களில் பலரும் அகதிகளாகவே வந்து சேர்ந்தார்கள். இப்படிப்பட்ட 65 பேர் போட்ட வழக்கில், 2019 ஜூனில் மதுரைக் கிளை, அவர்கள் புதிதாக விண்ணப்பிக்கலாம், மத்திய அரசு அதைப் பரிசீலித்து முடிவெடுக்க வேண்டும் என்றது. குடியுரிமையை நீதிமன்றம் நேரடியாகக் கொடுக்க முடியாது. அதனால் விஷயம் மறுபடியும் டெல்லிக்கே போகிறது.

நீதிமன்றங்களின் குரலும் ஒரே மாதிரி இல்லை. 2025 மே மாதம் ஓர் இலங்கைத் தமிழர் வழக்கில், உலகெங்கிலும் இருந்து வரும் அகதிகளை வைத்துப் பராமரிக்க இந்தியா தர்ம சத்திரமா என்று உச்ச நீதிமன்றம் கேட்டது. உபா எனப்படும் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தில் தண்டனை பெற்று முடித்த ஒருவரின் வழக்கு அது. இந்தியாவில் எங்கும் குடியமரும் உரிமை அரசியல் சாசனத்தின் 19ஆம் பிரிவில் வருகிறது, அது குடிமக்களுக்கு மட்டும் என்றும் சொன்னார்கள். அதே உச்ச நீதிமன்றம்தான் 1996இல், அருணாசலப் பிரதேசத்துச் சக்மா அகதிகள் வழக்கில், 21ஆம் பிரிவு தரும் உயிர்ப் பாதுகாப்பு குடிமகன் அல்லாதவருக்கும் உண்டு என்றது. இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்: உயிரைக் காப்பது கடமை, தங்க வைப்பது அரசின் விருப்பம்.

'சட்டவிரோதக் குடியேற்றம்' பற்றி நாடு முழுக்க இப்போது நடக்கும் சூடான விவாதத்தில் இந்த மக்களையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறார்கள். எல்லையைக் கவனிக்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் இவர்கள் ஒளிந்து வந்தவர்கள் அல்ல. கரையில் இறங்கியதும் அரசே பதிந்து, விசாரித்து, முகாமில் வைத்து, அரிசியும் பணமும் கொடுத்தது. கணக்கெடுக்கும் நாளில் வருவாய் ஆய்வாளர் முன் ஆள் நேரில் நிற்க வேண்டும். தமிழ்நாடு காவல்துறையின் உளவுப் பிரிவான க்யூ பிரிவிடம் விவரம் இருக்கிறது. அரசுக்கு முகவரி முழுசாகத் தெரிந்த மக்களை, கண்ணுக்குத் தெரியாமல் ஊடுருவியவர்களோடு சேர்த்துப் பேசுவது உண்மைக்கு மாறானது.

மாநில அரசின் உதவிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2021 ஆகஸ்டில் 317.40 கோடி ரூபாய்த் திட்டம் அறிவிக்கப்பட்டது. அதில் பெரும்பகுதி, பழுதான குடியிருப்புகளுக்குப் பதிலாக 7,469 புதிய வீடுகள் கட்டுவதற்கு. மாத உதவித்தொகை குடும்பத் தலைவருக்கு 1,500, மற்ற பெரியவர்களுக்கு 1,000, குழந்தைகளுக்கு 500 ரூபாய் என்று உயர்த்தினார்கள். கணவன், மனைவி, இரண்டு சிறு பிள்ளைகள் என்றால் மாதம் 3,500 ரூபாய். இது முகாமில் இருப்பவர்களுக்கான உதவி. வெளிப்பதிவில் இருப்பவர்களுக்கு இந்தப் பணம் வராது. இந்த உதவிகள் எதுவும் குடியுரிமைக்குச் சான்றாகாது. ஆதாரும் அப்படியே.

2022இல் இலங்கைப் பொருளாதாரம் விழுந்தபோது பெட்ரோலுக்கும் பால்மாவுக்கும் வழியில்லாமல் தனுஷ்கோடிக்கு வந்து இறங்கியவர்கள் மண்டபத்தில் தங்கவைக்கப்பட்டார்கள். 2015 என்ற கோட்டுக்கு அந்தப் பக்கம் வந்தவர்கள் என்பதால் இவர்களுக்கு விலக்கு ஆணை பொருந்தாது.

ஊருக்குத் திரும்ப விரும்புகிறவர்களுக்கும் வழி சீராக இல்லை. இங்கே பிறந்த பிள்ளைக்கு முதலில் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் இலங்கைக் குடியுரிமையைப் பதிய வேண்டும், இந்திய அரசிடம் வெளியேறும் அனுமதியும் வாங்க வேண்டும். 2025 மே மாதம், ஐ.நா. அகதிகள் அமைப்பின் ஏற்பாட்டில் திரும்பிய ஒரு முதியவரை, அந்தக் காலத்தில் முறையில்லாமல் நாட்டைவிட்டுப் போனார் என்று சொல்லிப் பலாலி விமான நிலையத்தில் கைது செய்தார்கள். ஆகவே புறப்படுவதற்கு முன் பயண ஆவணங்களை யாராவது விவரம் தெரிந்தவரிடம் காட்டிவிடுவது நல்லது.

இன்றைக்குச் செய்யக்கூடியது ஆவணங்களைச் சேர்ப்பதுதான். வந்திறங்கிய நாளைக் காட்டும் பதிவு, முகாம் குடும்ப அட்டை அல்லது காவல் நிலையப் பதிவு, இங்கே பிறந்த ஒவ்வொருவருக்கும் பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் இலங்கைப் பிறப்புப் பத்திரம், மலையகத்தார் என்றால் தாத்தா காலத்துத் தோட்டப் பதிவும் பழைய இந்தியப் பாஸ்போர்ட்டும். பிறப்பைப் பதியாமல் விட்டிருந்தால் தாமதப் பதிவுக்கு உடனே விண்ணப்பியுங்கள். 1987 ஜூலைக்கு முன் இங்கே பிறந்தவர்கள் வீட்டில் இருந்தால், முதலில் அவர்களுடைய சான்றிதழைத் தேடி எடுங்கள். பிள்ளைகளின் உரிமையும் அதிலிருந்துதான் தொடங்குகிறது. வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் வட்டச் சட்டப்பணிகள் குழுவுக்குப் போகலாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அங்கே வருமானச் சான்று கேட்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு. அழைக்க வேண்டிய எண் 15100.