கன்டெய்னர்: கொள்கலனா, பெட்டகமா?

சிவகாசிப் பக்கம் ஒரு நோட்டுப் புத்தகக் குடோன் வாசலில் லோடு ஏற்றும்போது நின்றிருந்தேன். வெளிநாட்டுக்குப் போகிற சரக்கு. நீளக் கணக்கு நோட்டு, ரெஜிஸ்டர், டைரி, ஃபைல் என்று ஒரு அலுவலகத்துக்கு வேண்டிய காகிதச் சாமான் எல்லாம் அட்டைப்பெட்டிகளில் அடுக்கி வைத்திருந்தார்கள். தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போக வேண்டிய கன்டெய்னர் வண்டி வந்து நின்றதும் மேஸ்திரி கேட்டார்: "இருபதடிதானே, எத்தனை பெட்டி கொள்ளும்?"

அந்தக் "கொள்ளும்" எனக்குப் பிடித்துப்போயிற்று. கன்டெய்னருக்குத் தமிழ் என்ன என்று நாம் தேடிக்கொண்டிருக்கிற சொல்லின் பாதி அவர் வாயிலேயே இருக்கிறது.

முதலில் ஆங்கிலச் சொல்லைப் பார்த்துவிடலாம். கன்டெய்னர் என்பதன் வேர் லத்தீனின் 'கொன்டினேரே'. 'கொன்' என்றால் சேர்த்து, 'டெனேரே' என்றால் பிடித்தல். சேர்த்துப் பிடித்து உள்ளே வைத்திருப்பது. கண்டத்தைக் குறிக்கும் 'கான்டினென்ட்' என்ற சொல்லும் இதே வேரில் பிறந்ததுதான். டப்பா, ஜாடி, டிரம் என்று எதை வேண்டுமானாலும் குறித்த பொதுச்சொல் இது. இன்று சொன்னவுடன் இரும்புப் பெட்டி கண்முன் வருகிறதென்றால், அதற்கு மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்க லாரி முதலாளி முக்கியக் காரணம். 1956 ஏப்ரல் 26 அன்று 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பல் 58 பெட்டிகளோடு நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. மூட்டை மூட்டையாக இறக்கி ஏற்றாமல், லாரியில் வந்த பெட்டியை அப்படியே தூக்கிக் கப்பலில் வைத்தார்கள். அப்புறம் 1960களின் கடைசியில் உலகம் முழுவதற்கும் ஒரே அளவு என்று வந்ததும், எந்த ஊர்ப் பெட்டியும் எந்த ஊர் கிரேனுக்கும் பொருந்தியது.

சரி, தமிழுக்கு வருவோம். இரண்டு சொற்கள் புழக்கத்தில் இருக்கின்றன: சரக்குப் பெட்டகம், கொள்கலன்.

தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் சரக்குப் பெட்டகம் அடிக்கடி வரும். நல்ல சொல். பெட்டகம் என்றால் பூட்டு ஞாபகம் வருகிறது, கன்டெய்னரும் பூட்டி சீல் வைத்து அனுப்புகிற பொருள்தான். நானும் ரொம்ப நாள் இதைத்தான் எழுதினேன். ஆனால் எழுத எழுதக் கை தடுக்கியது. சரக்குப் பெட்டகக் கப்பல், சரக்குப் பெட்டக முனையம், காலிச் சரக்குப் பெட்டகம் என்று நீண்டுகொண்டே போகிறது. சரக்கு என்பதை விட்டுவிட்டால் வங்கி லாக்கரா, கன்டெய்னரா என்ற குழப்பம்.

இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளைப் படிப்பவர்களுக்கு இந்தத் திண்டாட்டமே கிடையாது. கொழும்புத் துறைமுகச் செய்தி என்றால் கொள்கலன்தான், அடைப்புக்குறிக்குள் விளக்கமெல்லாம் போடுவதில்லை. தூத்துக்குடியில் ஏற்றுகிற பெட்டிகளில் பல கொழும்பில் இறங்கித்தான் பெரிய கப்பலுக்கு மாறுகின்றன. இங்கே கன்டெய்னராகக் கிளம்பிய அதே பெட்டி ஒரு கடலைத் தாண்டியதும் கொள்கலன் ஆகிவிடுகிறது. ஒரு சொல்லுக்கு இதைவிட நல்ல சான்றிதழ் வேறென்ன வேண்டும்?

கொள்கலன் என்பது கொள் + கலன். கலம், கலன் இரண்டும் ஒன்றுதான், நலம் நலன் போல. இந்தக் கலம் இருக்கிறதே, அது ஒரு பெரிய குடும்பம். சோறு உண்கிற பாத்திரம் உண்கலம், மண்பானை மட்கலம், கப்பல் மரக்கலம், ஆயுதம் படைக்கலம், நகை அணிகலன். நம் காலத்தில் மின்கலமும் விண்கலமும் சேர்ந்துகொண்டன. பாத்திரமும் கப்பலும் ஒரே சொல்லில் இருப்பதைக் கவனியுங்கள். அகநானூற்றின் 149ஆம் பாட்டில் யவனர்களின் "வினைமாண் நன்கலம்" சேரர் துறைமுகமான முசிறிக்குப் "பொன்னொடு வந்து கறியொடு பெயரும்". கறி என்றால் மிளகு. பொன்னோடு வந்த கலம் வெறுமனே திரும்பவில்லை, மிளகோடு போயிற்று. இன்று சரக்கு இல்லாமல் வெற்றுக் கொள்கலன்களைக் கடல் தாண்டித் திருப்பி அனுப்புவது கப்பல் தொழிலில் பெரிய செலவு.

இன்னொன்றும் உண்டு. கலம் என்பது முகத்தலளவை, 12 மரக்கால் ஒரு கலம். பாத்திரத்தின் பெயரே அளவின் பெயராகி, இந்த வயல் இத்தனை கலம் காணும் என்று பேசினார்கள். கப்பல்காரர்கள் இன்று செய்வதும் இதேதான். ஒரு கப்பல் எவ்வளவு பெரியது என்பதை டி.இ.யு. கணக்கில் சொல்கிறார்கள், அதாவது எத்தனை இருபதடிக் கொள்கலன் அதில் ஏறும் என்று.

'கொள்' என்ற வினைக்கு வருகிறேன். கொள்ளளவு என்ற சொல்லும் இதிலிருந்துதான், மேஸ்திரியின் கேள்வியும் இதிலிருந்துதான். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது எளிதல்ல. ஏ4 தாளையே எடுத்துக்கொள்ளுங்கள். 80 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 80 கிராம்) தாள் ஒன்று 5 கிராம், 500 தாள் கொண்ட ஒரு ரீம் இரண்டரைக் கிலோ, ஐந்து ரீம் வைத்த அட்டைப்பெட்டி பன்னிரண்டரைக் கிலோ. இருபதடியின் உள்ளிடம் சுமார் 33 கன மீட்டர். அதில் 1,600 பெட்டி வைத்தாலே 20 டன் வந்துவிடும். நாற்பதடிக்கு இடம் இரண்டு மடங்கு, ஆனால் தாங்கும் எடை இரண்டு மடங்கு கிடையாது. அதனால் காகிதம் அனுப்புகிறவர்கள் இருபதடியையே கேட்பார்கள். நாற்காலியும் பாக்ஸ் ஃபைலும் உள்ளே காற்றை வைத்துக்கொண்டு இடத்தை அடைப்பவை, அவற்றுக்கு நாற்பதடி. கொஞ்சச் சரக்குதான் என்றால் மற்றவர் சரக்கோடு சேர்த்து ஒரே கொள்கலனில் போகும், எல்.சி.எல். என்பார்கள். அதில் பொதுவாக ஒரு கன மீட்டரா, ஒரு டன்னா, எது கூடுதலோ அதற்குத்தான் கட்டணம்.

அன்று ஏற்றுவதற்கு முன்னால் ஒருவர் காலிக் கொள்கலனுக்குள் போய் நின்றுகொண்டு வெளியிலிருந்து கதவைச் சாத்தச் சொன்னார். எதற்கு என்று கேட்டேன். உள்ளே கும்மிருட்டாக இருக்க வேண்டும், ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் அந்த வழியாகத் தண்ணீர் வரும், நோட்டு போச்சு என்றார். ஓட்டை இல்லாவிட்டாலும் வழியில் வெயிலும் குளிரும் மாறும்போது உள்ளே இருக்கும் ஈரக்காற்றே கூரையில் வியர்த்துச் சொட்டும். அதற்காக ஈரம் உறிஞ்சும் பைகளைப் பக்கவாட்டில் தொங்கவிட்டார்கள்.

எழுதும்போது ஒரு சின்ன விஷயம். தனியாக வந்தால் கொள்கலன், கொள்கலன்கள். இன்னொரு சொல்லோடு சேரும்போது கொள்கலன் முனையம், கொள்கலன் கப்பல் என்று அப்படியே எழுதலாம், கொள்கலம் என்று மகரத்தில் எழுதுகிறவர்கள் கொள்கலக் கப்பல் என்று ஒற்று மிகுத்து எழுத வேண்டும். இரண்டும் சரி, ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும்.