அலங்கார வாள் ஏன் பிடியருகே முறிகிறது?

ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "ஸ்பெயினின் டொலேடோவில் வாங்கிய எக்ஸ்காலிபர் வாள் எங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. பையன் அவ்வப்போது எடுத்துச் சுழற்றுகிறான். மழுங்கல் வாள்தானே, பயப்பட வேண்டுமா?" பயப்படத்தான் வேண்டும். ஆபத்து அதன் கூரில் இல்லை, பிடிக்குள் இருக்கிறது.

கதைகளில் வரும் ஆர்தர் மன்னரின் எக்ஸ்காலிபர், பிரெஞ்சுக் காவிய வீரன் ரோலண்டின் டூரண்டால், ஸ்பெயின் வீரன் எல் சித்தின் டிசோனா என்று டொலேடோ கடைகளில் விற்கும் அலங்கார வாள்களில் பெரும்பாலானவை துருப்பிடிக்காத எஃகில் செய்தவை. நம் வீட்டு எவர்சில்வர் பாத்திரங்களுக்கு உறவுக்கார உலோகம். அதிலுள்ள குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, சில நானோமீட்டர் தடிமனே உள்ள ஆக்சைடு படலமாகப் பரப்பை மூடிவிடும். அதனால்தான் எண்ணெய் பூசாமலே வருடக்கணக்கில் பளபளக்கிறது. சரி, முறிவது ஏன்?

வாளின் அலகு கைக்காப்போடு முடிவதில்லை. அதே எஃகு ஒரு வாலாகப் பிடிக்குள் தொடரும். சண்டைக்கான வாளில் இந்த வால் பட்டையாக, அலகோடு ஒரே துண்டாக, பிடியின் முனையிலுள்ள குமிழ் வரை போகும். மலிவான அலங்கார வாளிலோ அலகைக் குட்டையாக நிறுத்தி, மரை வெட்டிய ஒல்லியான கம்பி ஒன்றை வெல்டிங் செய்து, மறுமுனையில் நட்டு போட்டு இறுக்கிவிடுவார்கள்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 20 மி.மீ. அகலமும் 5 மி.மீ. தடிமனும் உள்ள பட்டை வாலையும், 8 மி.மீ. விட்டமுள்ள உருண்டைக் கம்பியையும் எடுத்துக்கொள்வோம். வெட்டும் திசையில் இரண்டையும் ஒரே அளவு விசையால் ஒரே மாதிரி வளைத்தால், கம்பியில் உண்டாகும் அதிகபட்சத் தகைவு (உலோகத்துக்குள் ஒரு சதுர மி.மீ. பரப்பு தாங்கும் விசை) பட்டையில் இருப்பதைப் போல் ஆறரை மடங்கு. மெலிவு மட்டுமே செய்யும் வேலை இது. கூரான மூலைகள் செய்வது இதற்கு மேல்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். உலோகத்துக்குள் விசை பாய்வதை வாய்க்கால் நீரோட்டமாக நினைத்துக்கொள்ளுங்கள். அகலம் மெல்லக் குறைந்தால் ஓட்டம் அமைதியாக ஒடுங்கும். சட்டென்று குறைந்தால் மூலையில் நெருக்கியடித்துத் திரும்பும். அந்த நெருக்கடிதான் தகைவுக் குவிப்பு. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த சார்லஸ் இங்லிஸ் 1913-இல் இதற்குக் கணக்குக் கண்டுபிடித்தார். இழுபடும் தகட்டில் ஒரு வட்டத் துளை இருந்தால் அதன் விளிம்பில் தகைவு 3 மடங்காகும். துளை நீள்வட்டமாகி, இழுவிசைக்குக் குறுக்கே கிடந்து, அகலத்தைப் போல் 10 மடங்கு நீளமானால் 21 மடங்கு! துளை எவ்வளவு பெரியது என்பதே இங்கே பேச்சில்லை, முனை எவ்வளவு கூரியது என்பதுதான் பேச்சு.

கம்பியில் வெட்டிய ஒவ்வொரு மரைப் பள்ளமும் அப்படியொரு கூர்முனை. வெல்டிங் ஓரமும் அப்படியே. போதாததற்கு, இவ்வகை எஃகில் கரிமம் போதுமான அளவு இருந்தால், வெல்டிங் சூட்டிலிருந்து காற்றில் ஆறும்போதே அந்த இடம் கடினமாகி, நொறுங்கும் தன்மை பெற்றுவிடும். பையன் வீசும் ஒவ்வொரு வீச்சிலும் கண்ணுக்குத் தெரியாத விரிசல் கொஞ்சம் நகரும். ஒருநாள் பிடி கையில் இருக்கும், அலகு பறந்துவிடும். நல்ல கொல்லர்கள் அலகு வாலோடு சேரும் தோளை வளைவாகத் தேய்த்துவிடுவது இதனால்தான். சமன்பாடு வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அவர்கள் கைக்கு இது தெரிந்திருக்கிறது.

இங்லிஸ் யோசித்தது கப்பல் தகடுகளில் வரும் விரிசல்களைப் பற்றி. அந்தக் கணக்கு இன்று வாள் வரை வந்து உதவுகிறது. "இதனால் உடனடிப் பயன் என்ன?" என்று கேட்டு அடிப்படை ஆராய்ச்சிக்கு நிதியை வெட்டுகிறவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும் என்பேன்.

இன்னொன்று. டொலேடோ வாளின் வலிமைக்கு, அந்த ஊரைச் சுற்றி ஓடும் தாஹோ ஆற்றுத் தண்ணீரின் மகிமையே காரணம் என்று ஒரு பழைய நம்பிக்கை உண்டு. எஃகு கடினமாவதைத் தீர்மானிப்பது அதன் கலவையும் அது குளிரும் வேகமும். அப்புறம் மிதமாகச் சூடாக்கிப் பதப்படுத்தினால்தான் நொறுங்காத உறுதி வரும். ஆற்றின் பெயருக்கு அதில் வேலை இல்லை.

ஆகவே அந்த எக்ஸ்காலிபரைப் பையனின் கைக்கு எட்டாத உயரத்தில், உறுதியான கொக்கிகளில் மாட்டுங்கள். பிடி லேசாக ஆடினால் நட்டை இறுக்கிவிட்டுத் திரும்பச் சுழற்றலாம் என்று நினைக்க வேண்டாம். வீசிப் பழக வாள் வேண்டுமென்றால் விற்பவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: என்ன எஃகு, எப்படிப் பதப்படுத்தியது, வாலும் அலகும் ஒரே துண்டா? மூன்றாவதற்கு நேரான பதில் வராவிட்டால் வாங்காதீர்கள்.