மண்டையூடு காந்தத் தூண்டல் (டி.எம்.எஸ்.): சொல் விளக்கம்

மனநல மருத்துவரின் சீட்டில் ‘டி.எம்.எஸ்.’ என்றோ ‘ஆர்.டி.எம்.எஸ்.’ என்றோ இருப்பதன் விரிவு ‘டிரான்ஸ்கிரேனியல் மேக்னட்டிக் ஸ்டிமுலேஷன்’. தலைமேல் வைக்கும் கம்பிச்சுருளின் காந்தத் துடிப்புகளால் மூளையைத் தூண்டும் சிகிச்சை இது. முன்னால் வரும் ‘ஆர்’, துடிப்புகளை அடுத்தடுத்துத் தொடராகத் தருவதைக் குறிக்கிறது. மனச்சோர்வுக்குத் தரப்படுவது எப்போதும் இந்தத் தொடர் வகைதான்.

‘டிரான்ஸ்’ லத்தீனில் ஊடாக, கடந்து. ‘கிரேனியம்’ மண்டையோடு, கிரேக்கத்திலிருந்து லத்தீனுக்குப் போன சொல். ‘மேக்னட்’ மக்னீசியா என்ற இடப்பெயர் வழி வந்தது. ‘ஸ்டிமுலஸ்’ என்றால் லத்தீனில் மாட்டைக் குத்தி ஓட்டும் தார்க்குச்சி. நம் ‘தூண்டு’ அவ்வளவு முரடு இல்லை. எரிந்து தாழ்ந்த திரியை மேலே ஏற்றிவிடுவதும் தூண்டுவதுதான். அதற்கான குச்சி தூண்டுகோல். மனச்சோர்வில் இடப்பக்க முன்மூளையின் ஒரு பகுதி மந்தப்படுகிறது என்ற கருத்தில்தான் இந்தச் சிகிச்சை தொடங்கியது. அதற்குத் தார்க்குச்சியைவிடத் திரிக்குச்சியே பொருத்தம்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. பள்ளி இயற்பியலில் ‘மின்காந்தத் தூண்டல்’ என்பது 1831இல் ஃபாரடே கண்டது: மாறும் காந்தப்புலம் கடத்தியில் மின்னோட்டத்தை உண்டாக்குவது. உயிரியலில் ‘தூண்டல்’ நரம்பைச் செயல்பட வைப்பது. இந்தச் சிகிச்சையில் இரண்டும் உண்டு, ஒன்றன்பின் ஒன்றாக. மின்தேக்கியில் சேர்த்த மின்னூட்டம் எட்டு வடிவச் சுருளில் பாய்கிறது, ஏறத்தாழ 1.5 முதல் 2 டெஸ்லா (காந்தப்புல அலகு) வரையிலான புலம் மில்லிநொடிக்கும் குறைவான நேரத்தில் எழுந்து அடங்குகிறது. அந்த மாற்றம் மூளையின் வெளியடுக்கான புறணியில் மின்னோட்டத்தை உண்டாக்க, நரம்பணுக்கள் மின்சமிக்ஞை எழுப்புகின்றன. மண்டையோடு காந்தப்புலத்தைத் தடுப்பதில்லை. ஆனால் ஆழம் 2, 3 செ.மீ.தான். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆந்தனி பார்க்கர் குழுவினர் 1985இல் முதலில் செய்துகாட்டியது காந்தத்தால் மூளையைத் தூண்டும் இந்த வழியையே.

காந்தம் இங்கே வாகனம். வேலை செய்வது மின்னோட்டம். எனவே ‘காந்த சிகிச்சை’ என்று எழுதுவது தவறு. காந்த வளையல், காந்தப் படுக்கை விற்பவர்களின் சொல் அது. அவற்றின் புலம் மாறாதது. மாறாத புலம் அசையாத தலையில் மின்னோட்டம் எதையும் உண்டாக்காது. பொதுவாசகருக்கு ‘காந்தவழி மூளைத் தூண்டல்’ என்பதே தெளிவு. மூளைக்குள் மின்முனை பதிக்கும் முறையிலிருந்து பிரித்துக் காட்ட வேண்டிய இடத்தில் ‘மண்டையூடு’ சேர்க்கலாம், எக்ஸ்-ரேயை ‘ஊடுகதிர்’ என்பது போல.

‘கரண்ட் வைப்பது’ என்று இதைச் சொல்வதும் பிழை. மக்கள் அப்படிச் சொல்வது மின்வலிப்புச் சிகிச்சையை. அதில் மயக்க மருந்து கொடுத்து, மின்சாரத்தால் வலிப்பை வரவழைப்பதே சிகிச்சை. இங்கே நோயாளி விழித்திருப்பார், வலிப்பு வந்தால் அது விபத்து.

யாருக்கு என்ற கேள்விக்குப் பெரும்பாலும் வரும் பதில்: குறைந்தது இரண்டு மருந்துகளைப் போதிய அளவில், போதிய வாரங்கள் எடுத்தும் தேறாதவருக்கு. இதை ‘சிகிச்சை எதிர்ப்பு மனச்சோர்வு’ என்கிறார்கள். நோயாளியே சிகிச்சையை எதிர்ப்பது போலத் தொனிக்கிறது. ‘மருந்துக்கு மசியாத மனச்சோர்வு’ நல்லது. ‘மன அழுத்தம்’ வேண்டாம். அது வேலைப் பளு வரைக்கும் எல்லாவற்றையும் சுமக்கிறது.

முதல் நாளில் அளப்பது ‘இயக்க வாசல்’. கைவிரலை அசைக்கும் புறணிப் பகுதியில் சுருளை வைத்து, பத்துத் துடிப்பில் ஐந்திலாவது கட்டைவிரல் துடிக்கும் மிகக் குறைந்த வலிமையைக் குறிப்பார்கள். சிகிச்சை வலிமை வழக்கமாக அதில் 120 சதவீதம். அமெரிக்காவில் 2008இல் அனுமதி பெற்ற முறையில் நொடிக்கு 10 துடிப்பு, 4 நொடி. 26 நொடி ஓய்வு. இப்படி 75 சுற்று, 3,000 துடிப்பு, முப்பத்தேழரை நிமிடம். வாரம் ஐந்து நாள், நான்கிலிருந்து ஆறு வாரம்.

அதிகம் பிசகுவது இடம். விரல் புள்ளியிலிருந்து 5 செ.மீ. முன்னால் என்ற பழைய விதி பெரிய தலைகளில் இலக்குக்குப் பின்னாலேயே நின்றுவிடும். தலையை அளந்தோ ஸ்கேன் பார்த்தோ குறிப்பது மேல். சுருள் தோலைவிட்டுச் சில மில்லிமீட்டர் விலகினாலும் வலிமை குறையும். தூக்கம் கெட்ட இரவு, திடீரென நிறுத்திய மது, மாற்றிய மருந்து ஆகியவை வாசலை மாற்றி வலிப்புக்கு இடம் கொடுக்கும். மறைக்காமல் சொல்லிவிட வேண்டும், தேவைப்பட்டால் மறுபடி அளப்பார்கள். வலிப்பு வருவது ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. தலைவலி, சுருள் வைத்த இடத்தில் தலைத்தோல் வலி, முகத்தசை துடிப்பது எல்லாம் சாதாரணம். சுருள் உரக்கச் சொடுக்கும். காதடைப்பான் இல்லாமல் உட்காரக் கூடாது. காது கேட்பதற்காக உள்ளே பதித்த காக்ளியர் கருவியோ, தலைக்குள் காந்தம் ஈர்க்கும் உலோகக் கிளிப்போ இருப்பவருக்கு இது ஆகாது.

சீட்டில் ‘தீட்டா பர்ஸ்ட்’ என்றிருந்தால் அது 600 துடிப்பை ஏறத்தாழ மூன்று நிமிடத்தில் முடிக்கும் முறை. கனடாவில் நடந்த ஒப்பீட்டாய்வு 2018இல் வெளியானது. நீண்ட முறைக்கு இது குறைந்ததல்ல என்று காட்டியது. ‘மூணு நிமிஷத்துக்கா இவ்வளவு பணம்’ என்று கேட்கிறவர்களுக்கு இதைச் சொல்லலாம்.